எண்பதுக்கு மேல் போகாத கார்

காரின் வேகத்தைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் கால் அல்ல என்பது எனக்கு ஐம்பத்தாறு வயதில்தான் தெரியவந்தது. காத்தான்குடியில் ஒரு கராஜில், எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அதை விளக்கியவர் அந்தக் கராஜின் சொந்தக்காரர். நாற்பது வயதிருக்கும்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் இளைஞர்கள் அவரைக் காக்கா என்பார்கள். கட்டாரில் ஒன்பது வருடம் பெரிய கார்களின் எஞ்சின் கணினிகளை மாற்றியமைக்கும் இடமொன்றில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். பாடப்புத்தகம் அளவில் இருந்த ஒரு அலுமினியப் பெட்டியை விரலால் தட்டிக் காட்டினார்.

"கால் மனுக் குடுக்கும் சேர். அரசாங்கக் கச்சேரி இஞ்ச இரிக்கி. குடுக்கிறதும் குடுக்காததும் இவன்ட விருப்பம்."

எவ்வளவு காற்றை உள்ளே விடுவது, அதற்கு எவ்வளவு பெற்றோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்பதையெல்லாம் அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது. பெட்டிக்குள் கட்டம் கட்டமாக எண்கள் இருக்கின்றன. மடிக்கணினியை ஒரு வயரால் இணைத்து அந்த எண்களைக் கூட்டினால் கார் பாயும், குறைத்தால் அடங்கும். அவரிடம் வருகிறவர்கள் எல்லோரும் கூட்டச் சொல்லித்தான் கேட்பார்கள். குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆட்கள் நாங்கள் இருவரும்தான் என்றார்.

என்னோடு நின்றவர் என் மச்சான், காலமாகிவிட்ட என் தங்கையின் கணவர். கார் அவருடைய மகனுடையது. என் மருமகன் முதல் நாள்தான் அதை இந்தக் கராஜில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கட்டாரில் சில வருடம் உழைத்துத் திரும்பி வந்து வாங்கியது; ஜப்பானிலிருந்து வந்த பழைய கார், இரண்டு கதவு, டேர்போ பூட்டிய எஞ்சின். இருக்கிற வலுவை இன்னும் கூட்டவேண்டும் என்று சொல்லி, இரண்டு நாள் தவணையும் பேசியிருந்தான். நாங்கள் அவனுக்குத் தெரியாமல் வந்திருந்தோம்.

வடக்கில் போர் முடிந்து இரண்டாவது வருடம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதிக்குப் புதிதாக வழுவழுப்பான காபட் தார் போட்டிருந்தார்கள். இருபத்தைந்து வருடங்களாக அந்த வீதியில் எவரும் வேகமாக ஓடியதில்லை. பள்ளமும் பீப்பாய்களும் சோதனைச் சாவடிகளும் விட்டதில்லை. அந்தக் காலத்தில் வளர்ந்த கிழவர்களும் மாடுகளும் சைக்கிள்காரரும் இப்போதும் அதே நிதானத்தில்தான் வீதியைக் கடந்தார்கள். வாகனங்கள் மட்டும் மாறியிருந்தன. கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான் மாவட்ட நிருபராக இருந்தேன். முன்பு சூட்டுச் சம்பவங்களை எழுதிய அதே நாலு வரியில் இப்போது விபத்துகளை எழுதிக்கொண்டிருந்தேன். குருக்கள்மடத்தில் ஒன்று, தேற்றாத்தீவில் ஒன்று, களுதாவளைச் சந்தியில் ஒன்று. பெயர், வயது, எந்த ஊர், எங்கிருந்து எங்கே போகையில். மச்சான் அவற்றையெல்லாம் வெட்டி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பிக் காட்டியபோதுதான் கண்டேன்.

"எல்லாம் நீங்க எழுதினதுதான் மச்சான். எல்லாம் இருபது, இருபத்தி ரெண்டு. அவனுக்கு இருபத்தி மூண்டு."

எங்கள் பகுதியில் குடி என்னும் வம்சம் தாய்வழியில் வருவது. பிள்ளையின் பெரிய காரியங்களில் தாய்மாமன் சொல்லுக்குத் தகப்பன் சொல்லுக்கு மேல் ஒரு இடம் உண்டு. தங்கை இருந்திருந்தால் அவள் என்னிடம் கேட்டிருப்பாள். அவள் இல்லாததால் அவர் கேட்டார். நீங்கள் ஓம் என்றால் செய்வோம், இல்லையென்றால் விடுவோம் என்றார். நான் ஓம் என்றேன்.

தங்கையும் அவளுடைய மகளும் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை, சுனாமியில் போனவர்கள். வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க என்று பக்கத்திலேயே இன்னொரு வீட்டுக்குக் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அன்று தகப்பனும் மகனும் வாவிக்கு அப்பால் படுவான்கரையில், தங்கள் வட்டையில், வயலுக்கு உரம் எறிந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொன்னார். அவர்களிடம் இருந்தது ஒரு இரண்டு சக்கர உழவு இயந்திரமும் அதன் இழுவைப் பெட்டியும். அதில் ஏறி வந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பாதி வழியில் மகன் குதித்து இறங்கி முன்னால் ஓடினானாம். ஓடியும் இயந்திரத்தை விட அதிகம் முந்த முடியவில்லை. அப்போது அவனுக்குப் பதினாறு வயது.

அன்று மாலை நான் பாடசாலை ஒன்றில் இறந்தவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பத்தோராவதாகத் தங்கையின் பெயரை எழுதினேன், நாற்பத்திரண்டாவதாக மகளின் பெயரை. என் கையெழுத்து மாறவில்லை. அந்தக் குறிப்புப் புத்தகம் இப்போதும் இருக்கிறது.

மருமகனுக்கு அன்றிலிருந்து ஒரே கணக்குத்தான். நல்ல வாகனம் ஒன்று இருந்திருந்தால். தகப்பனின் கணக்கு வேறு. "எங்களுக்குச் செய்தி வரக்குள்ளேயே எல்லாம் முடிஞ்சு போச்சு மச்சான். பிளேன் இருந்தாலும் ஒண்டும் செய்யேலா. அவனுக்கு அது விளங்குதில்ல." விளங்கும்படி அவர் ஒருபோதும் அவனிடம் சொன்னதும் இல்லை. இருவரும் அதைப்பற்றித் தனித்தனியே என்னிடம்தான் பேசுவார்கள்.

சொல்லாமல் இருப்பது எங்களுக்கு ஒரு பாதுகாப்பு முறையாகவே இருந்தது. கடலுக்குப் பிறகு வந்த வருடங்களில், இயக்கங்களின் பிள்ளை பிடிப்பும் ஆட்களைக் கடத்தும் வெள்ளை வானும் இருந்த நாட்களில், வளர்ந்த ஆண்பிள்ளை உள்ள வீடுகளில் பொழுது சாயும்போது சைக்கிளின் வால்வைக் கழற்றி விடுவார்கள். காற்றுப் போய்க் கிடக்கும். முள் குத்திவிட்டது, காலையில் பார்ப்போம் என்பார்கள். மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் பிளக்கைக் கழற்றினார்கள். பிள்ளைக்குக் காரணம் சொல்வதில்லை. சொன்னால் கோபத்தில் வெளியே போவான், அல்லது வாய்தவறி யாரிடமாவது சொல்வான். மச்சானும் அப்படித்தான் தினமும் வால்வைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு படுத்தார். அதனால் பிள்ளை தப்பினான். பத்தொன்பதாவது வயதில் அவனைக் கட்டாருக்கு அனுப்பும் வரை அது பலித்தது. பலித்த வழியை யார் கைவிடுவார்கள்.

கராஜ்காரருக்கு நாங்கள் மகனிடம் சொல்லாமல் செய்வது பிடிக்கவில்லை. "புள்ளைக்கிட்டச் செல்லிப்போட்டுச் செய்யிறது நல்லம்," என்றார்.

"சொன்னா விடமாட்டான் தம்பி," என்றார் மச்சான்.

"செல்லாட்டிக் கண்டுபிடிச்சா?"

"கண்டுபிடிக்காத மாதிரிச் செய்ங்க. எழுபதில நிப்பாட்டினாப் போதும்."

கராஜ்காரர் சிரித்தார். "எழுபதில கட்டுப் போட்டா மதிலில முட்டினமாதிரித் தெரியும். ரோட்டில போற மாட்டுக்கும் விளங்கும். சரிவா வைப்பம். அறுபதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக் காத்தைக் குறைச்சு, எண்பதில சும்மா களைச்சுப்போற மாதிரி." அதன் பிறகு என்னைப் பார்த்தார். "மறுகா அவர் வந்து ஏன் காக்கா இழுக்குதில்ல எண்டு கேப்பார். நான் என்ன செல்ல?"

அந்தப் பதிலைக் கொடுத்தது நான். கட்டாரில் கிடைக்கும் பெற்றோல் வேறு, இங்கே பம்பில் வருவது வேறு. இங்கத்தைய பெற்றோலுக்கு டேர்போ எஞ்சினைக் கூட்டினால் உள்ளே தட்டும், பிஸ்டன் உடையும், அதனால்தான் அடக்கி வைத்திருக்கிறது. அதில் அரைவாசி உண்மை என்பதைக் கராஜ்காரரிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். நம்பக்கூடிய ஒரு வாக்கியத்தை உண்டாக்குவது என் தொழில். இருபத்தேழு வருடங்களில் நான் தெரிந்தே எழுதிக்கொடுத்த பொய் அது ஒன்றுதான்.

இரண்டு மணித்தியாலம் எடுத்தது. மச்சான் ஒரு டயரின் மேல் குந்தி, திரையில் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை முடிந்ததும், "இதென்ன தம்பி குறைச்சது?" என்று கேட்பார். "இது காத்து ஐயா." "இது?" "இது டேர்போட அமுக்கம்." ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிந்ததும், வைத்தியர் ஊசி போட்ட பிள்ளையைத் தடவுவது போல எஞ்சின் மூடியை ஒருமுறை தடவினார்.

மருமகன் காரை எடுத்துப் போனான். முதல் வாரம் கராஜுக்குப் போய் ஒருமுறை கேட்டானாம். பெற்றோல் கதையைக் கேட்டுவிட்டு, "சரி காக்கா, உசிருதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டானாம். அதன் பிறகு ஒன்றும் இல்லை. அவன் அந்தக் காரில் சந்தைக்குப் போனான், கோயிலுக்குப் போனான், என் வீட்டுக்குக் கீரையும் மீனும் கொண்டுவந்தான். கூட்டாளிகள் கிண்டல் அடித்தார்கள். "மச்சான், உன்ட ரேசிங் கார களுவாஞ்சிக்குடி பஸ் முந்திப்போட்டுப் போகுது, பஸ்ஸுக்குள்ள இருக்கிற கிழவி கை காட்டிப்போட்டுப் போறா." அவனும் சேர்ந்து சிரித்தான். மச்சான் நிம்மதியாக உறங்கினார். முகம் தெளிந்திருந்தது. செய்தது சரி என்று நானும் நினைத்தேன்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, மச்சானுக்கு நெஞ்சு வலித்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு உடனே மட்டக்களப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அம்புலன்ஸ் இன்னொரு நோயாளியோடு போயிருந்தது, திரும்ப அரை மணித்தியாலம் ஆகும். மருமகன் காத்திருக்கவில்லை. முன் இருக்கையைச் சாய்த்துத் தகப்பனைக் கிடத்திக்கொண்டு புறப்பட்டான். எனக்குப் போன் செய்தான். "மாமா, அப்பாவக் கொண்டு வாறன். வாசலில நில்லுங்க." அவ்வளவுதான்.

நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். தள்ளுவண்டியும் இரண்டு பேரும் ஆயத்தமாக நின்றார்கள். கார் உள்ளே வந்தபோது மச்சானின் கண் திறந்திருந்தது. என்னைக் கண்டார். கையைத் தூக்கப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் இருபது நிமிடத்தில் டொக்டர் வெளியே வந்தார்.

அவர் இளம் பெண். நான் கேட்டேன், முந்தி வந்திருந்தால்? "பெரிய ரத்தக் குழாயே அடைச்சிருக்கு. ஒரு பத்து நிமிசத்தால ஒண்டும் மாறியிராது," என்றார். அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரி வாசல்களில் பல வருடம் நின்றவன் நான். குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்துவிட்டு டொக்டர்மார் இதே வாக்கியத்தைச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிறகு வீட்டில் ஒரு தாளில் தூரத்தை எழுதிக் கணக்குப் போட்டேன். எண்பதில் வந்தால் எவ்வளவு, நூற்றிருபதில் வந்தால் எவ்வளவு, சந்திகளுக்கும் பாலத்துக்கும் எவ்வளவு கழிப்பது. வித்தியாசம் ஆறு நிமிடம் வந்தது. மறுபடியும் போட்டேன். ஆறுதான்.

செத்த வீட்டுக்குக் கராஜ்காரர் வந்தார். பந்தலின் ஓரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"சேர், நான் செல்லிடட்டா? எனக்குச் சோறு இறங்குதில்ல."

"வேணாம் தம்பி. நீங்க எங்கட சொல்லுக்குத்தான் செய்தீங்க. நான் சொல்றன்."

எட்டாம் நாள் சடங்கு முடிந்தது. நான் சொல்லவில்லை. கொள்ளி வைத்த பிள்ளை, மொட்டைத் தலையோடு, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து, ஆட்கள் போன பின், மத்தியானம் வாவிக்கரையில் கைகழுவப் போனபோது சொன்னேன். முழுவதையும் வரிசையாக, ஒரு செய்தியைச் சொல்வது போலச் சொன்னேன். யார் யோசித்தது, யார் ஓம் என்றது, பெற்றோல் கதையை யார் கட்டியது.

அவன் கையைக் கழுவிக்கொண்டே கேட்டான். முடிந்ததும் கையை உதறினான்.

"தெரியும் மாமா."

எனக்கு விளங்கவில்லை.

"முதல் கிழமையே தெரியும். என்னட்ட சின்ன மிஷின் ஒண்டு இருக்கு, காரில குத்தினா உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு போனில காட்டும். பெற்றோல் சரியில்லாட்டி நெருப்பைத்தான் பிந்திப் போடும், காத்துத் தட்டு முழுக்கத் திறக்கும். இதில நான் முழுக்க மிதிக்கிறன், தட்டு அரைவாசிதான் திறக்குது. அதோட எந்த நாளும் எண்பது. வெயிலிலயும் எண்பது, மழையிலயும் எண்பது. பெற்றோலுக்கு எண்ணத் தெரியுமா மாமா?"

"பிறகு ஏன் பேசாம இருந்த?"

"அப்பா நல்லா நித்திரை கொண்டார். கடல் வந்த நாளில இருந்து அவர் விடியுமட்டும் படுத்து நான் காணல்ல. கார் அடங்கின பிறகுதான் கண்டன்." சாரத்தில் கையைத் துடைத்தான். "சைக்கிள் வால்வையும் அவர்தான் கழட்டுறவர் எண்டு அந்த நேரமே தெரியும். என்னட்ட எப்பவும் இன்னொரு வால்வு இருந்தது. போடல்ல."

காரின் வேகக் கட்டுப்பாட்டையும் அவன் நினைத்திருந்தால் எப்போதோ எடுத்திருக்கலாம். கொழும்புக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். அல்லது அதே கராஜ்காரரிடம் தனியே கேட்டிருந்தாலே அவர் எடுத்திருப்பார். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முப்பத்தொரு நாளும் அவன் எதை நினைத்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அந்தப் பயணத்தைச் சொன்னான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

குருக்கள்மடம் தாண்டும்போது வீதி வெறுமையாகக் கிடந்ததாம். மாடு இல்லை, பஸ் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. அவன் கால் தரையோடு ஒட்டியிருந்தது. முள் எண்பதில் நின்றது. தகப்பன் சாய்ந்து கிடந்தபடி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"என்ன மன்னிச்சுக்க மனே எண்டார். நான் என்னத்துக்கெண்டு கேக்கல்ல. ரோட்டில ஆக்கள் நிறைய அப்பா, இதுக்கு மேல ஓடேலா எண்டன். அவர் தலையத் தூக்கப் பார்த்தார், கண்ணாடியால ரோட்டைப் பார்க்கலாமெண்டு. நான் நெஞ்சில கைய வைச்சு அமத்திப்போட்டன். எழும்பாதீங்க அப்பா, டொக்டர் எழும்பக் கூடாதெண்டவர் எண்டு சொன்னன். டொக்டர் அப்பிடிச் சொல்லல்ல."

"பிறகு?"

"மறுகா சொன்னார், ஆக்கள் நிறையவெண்டா மெதுவாப் போ எண்டு."

டொக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன், பத்து நிமிடத்தால் ஒன்றும் மாறியிராது என்று. அவன் ஓம் என்றான். நான் ஆறு நிமிடக் கணக்கைச் சொல்லவில்லை. அவனும் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

இரண்டு மாதத்தில் காரைக் கல்முனையில் ஒருவருக்குக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் கராஜ்காரரிடம் கொண்டுபோய் அந்தக் கட்டுப்பாட்டை எடுப்பித்தான். அவர் அழுதாராம். இவன்தான் அவரைத் தேற்றிவிட்டு வந்தான். மறு மாதம் மீண்டும் கட்டாருக்குப் போனான். கல்யாணப் பேச்சு எடுத்தால் வேறு கதை பேசுவான்.

அங்கே ஒரு கம்பனிக்குச் சாமான் ஏற்றும் வான் ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமைகளில் எனக்குப் பேசுவான். ஒருநாள் பேச்சுவாக்கில், வேலை எப்படி என்று கேட்டேன்.

"நல்லம் மாமா. இஞ்ச எல்லா வானுக்கும் கட்டுப் போட்டிருக்கு. நூறுக்கு மேல போகாது."

"ஓ."

"முதல் நாளே எங்களக் கூப்பிட்டு இருத்தி, இன்னதுக்காக இவ்வளவு வைச்சிருக்கம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் சாவியத் தந்தாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல. சரியெண்டன்."

அவன் வெறும் தகவலாகத்தான் சொன்னானா, அல்லது அதில் எனக்கு ஏதும் இருந்ததா என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். மீன் கறி என்றான்.